கோட்டுக்கு ஒரு முழம் தெற்கே

எங்கள் ஏரியின் வடக்குக் கால்பங்கு வேறு நாட்டில் இருக்கிறது. மீதி முக்கால்பங்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பறவைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிவைத்த இருபதாயிரம் ஏக்கர் புல்வெளிக்குள். அந்தப் பக்கம் சஸ்காட்சுவான், கனடா. தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. கிழக்குக் கரையில் ஒரு இரும்புத் தூண், மேற்குக் கரையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கண்ணால் கயிறு கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூழைக்கடாக்கள் இங்கே மீனைப் பிடித்து அங்கே போய் உட்கார்ந்து விழுங்கும்.

சரணாலய அலுவலகத்தில் நான் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. தொலைபேசி, கோப்புகள், வேட்டைக்காரர்களுக்கான அனுமதிச் சீட்டு எல்லாம் என் பொறுப்பு. கழிவறை கழுவ ஆள் வராத வாரங்களில் அதுவும் நான்தான். ஆர்விட் எனக்கும் பன்னிரண்டு வருஷம் மூத்தவர் அந்த இடத்தில். சாலை, வேலி, மடை, டிராக்டர், வசந்தகாலத்தில் பழைய புல்லுக்கு நெருப்பு வைப்பது எல்லாமே அவர் கை வேலை. மேலாளர்கள் வருவார்கள், மூன்று குளிர்காலம் தாங்குவார்கள், மாற்றல் கேட்டுப் போவார்கள். ஆர்விட் போகவில்லை.

போனது அவர் மனைவி. கல்யாணமான நாலாவது குளிர்காலத்தில் போனாள். அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. இந்தக் காற்றுதான். நாள் முழுக்க யாரோ கதவுக்கு வெளியே நின்று மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிட்டு அரிசோனாவுக்குக் கிளம்பினாள். ரயிலடிக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்தவரும் ஆர்விட்தான். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை வீட்டில் தனியாகவே இருந்தார். சிடுமூஞ்சி இல்லை. பேச்சு குறைவு, அவ்வளவுதான். மத்தியானம் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்பார். நரி மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது என்பார். உள்ளான் பறவைகள் வந்துவிட்டன என்பார். எங்கள் அலுவலகத்தில் செய்தி என்றால் அதுதான்.

அந்த ஆகஸ்டில் மழையே இல்லை. ஏரி உள்வாங்கி, கரையெல்லாம் உப்பு பூத்து வெளுத்துக் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்விட் ரொட்டிப் பொட்டலம் இல்லாமல் உள்ளே வந்தார். வெகுநேரம் கை கழுவினார்.

“கிளுவை முப்பது, ஊசிவால் பதினொண்ணு” என்றார்.

வாத்துக் கணக்கு. செத்தவை. எங்களுக்கு அது புதிதில்லை. தண்ணீர் வற்றிச் சூடேறினால் அடிச்சேற்றில் ஒரு விஷம் உண்டாகும். சேற்றைக் கிளறித் தின்னும் வாத்துக்கு முதலில் கால் விழும். பிறகு சிறகு. கடைசியில் கழுத்து. தலையைத் தூக்கிப் பிடிக்க முடியாத வாத்து, கண்ணைத் திறந்தபடியே தண்ணீரில் மூழ்கிச் சாகும். செத்ததில் புழு வைக்கும். அந்தப் புழுவைத் தின்கிற அடுத்த வாத்தும் விழும். ஆகவே செத்ததைச் சீக்கிரம் அள்ளிப் புதைத்தாக வேண்டும்.

எங்கள் மேலாளர் கர்ட்டிஸ் தொண்ணூறு மைல் தள்ளி உட்கார்ந்து மூன்று சரணாலயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்ததைப் புதையுங்கள், உயிரோடிருப்பதை விட்டுவிடுங்கள், ஆள் இல்லை என்று போனில் சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை. இருப்பதைச் சொன்னார்.

மறுநாள் ஏதோ தேடிப் பட்டறைக்குப் போனேன். தரையில் நனைத்த சாக்குகள். அவற்றின்மேல் வரிசையாகப் பதினான்கு வாத்துகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்துக்கும் அடியில் ஒரு துணிச் சுருள், தலையணை மாதிரி. ஆர்விட் முழங்காலில் நின்று, ஊசி இல்லாத மருந்துக் குழலால் ஒன்றின் தொண்டைக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கர்ட்டிஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“செத்ததைப் புதைக்கச் சொன்னாரு. இதெல்லாம் இன்னும் சாகலையே” என்றார்.

ஆனால் பதினான்கில் ஒன்பது செத்துப்போயின. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் உப்புத்தான். அதைக் குடித்து எந்த விஷம் இறங்கும்?

அந்த வாரம் பூராவும் தெற்கிலிருந்து காற்று அடித்தது. ஏரியில் மிதந்ததெல்லாம் வடகரைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. வியாழக்கிழமை ஆர்விட் தட்டைப்படகை எடுத்துக்கொண்டு எல்லை வரைக்கும் போனார். அந்தப் பக்கம் ஒரு அலுமினியத் தோணியில், வைக்கோல் தொப்பி பறக்காமல் தாடைக்கடியில் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு பெண் வாத்து அள்ளிக்கொண்டிருந்தாள். ஆர்விட் தானாகப் பேசுகிற ஆள் இல்லை. அவள்தான் குரல் கொடுத்தாள். அவள் சொன்னதை அன்று மத்தியானம் எனக்கு அப்படியே ஒப்பித்தார். இன்னொருவர் பேச்சை அவர் திருப்பிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“ஏங்க, உங்க நாட்டுல சாகுற வாத்தெல்லாம் எங்க கரைக்கு வந்து சேருதே. உங்காளுங்களுக்கு அள்ளத் தெரியாதா?”

“காத்து தெக்கேருந்து அடிக்குதுங்க.”

“காத்து மேல பழியப் போடுறீங்களா? அப்ப நீங்க அரசாங்க ஆளுதான், சந்தேகமே இல்ல.”

“சிரிச்சுட்டேன்” என்று என்னிடம் சொன்னார் ஆர்விட். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் பெயர் ஒரிசியா. வடகரை மேய்ச்சல் நிலம் அவளுடையது, அறுபது மாடு. புருஷன் மெட்ரோ ஐந்து வருஷத்துக்கு முன்னால், வைக்கோல் கட்டுகிற சமயத்தில் மார்வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் ரெஜைனா நகரத்தில் நர்ஸ். ஒரிசியாவும் தன் பங்குக்கு வாத்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். உயிருள்ளவற்றைக் கன்றுக்குட்டிக் கொட்டகையில் போட்டு வைத்தியம் பார்த்தாள். இருபத்திரண்டில் பத்தொன்பது பறந்துவிட்டன என்று அவள் சொன்னபோது ஆர்விட் நம்பவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் வீட்டில் மாமனார் காலத்து ஊற்றுக்கிணறு ஒன்று இருந்தது. இறைக்கவே வேண்டாம். பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த நல்ல தண்ணீர் தானாகப் பொங்கி மாட்டுத் தொட்டியில் விழும். அந்தத் தண்ணீரை மூன்று நாள் குடித்தால் வாத்து எழுந்து நின்றுவிடும்.

அங்கே இருபத்திரண்டில் பத்தொன்பது. இங்கே பதினான்கில் ஐந்து. ஆர்விட் அன்று ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் படகுத்துறையிலிருந்து அவள் கொட்டகைக்குத் தண்ணீர்வழியே ஒன்றேகால் மைல். சாலைவழி என்றால் மேற்கே முப்பத்தெட்டு மைல் போய், சோதனைச் சாவடியைத் தாண்டி, முப்பத்தெட்டு மைல் திரும்ப வரவேண்டும். ஆர்விட்டிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஏரியில் படகு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். ஆனால் அந்தக் கரையில் கால் வைக்கக் கூடாது. எதையும் ஏற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டக் கூடாது, படகுக்குப் படகு கைமாற்றவும் கூடாது. இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஆர்விட் என்ன செய்தார் என்றால், சீக்கு வாத்துகளைக் கூடையில் வைத்து எல்லை வரைக்கும் கொண்டுபோவார். எஞ்சினை நிறுத்துவார். கோட்டுக்கு ஒரு முழம் தெற்கே, வாத்தைத் தண்ணீரில் மெதுவாக வைத்து, தலையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொள்வார். காற்று தள்ளும்போது கையை எடுப்பார். அந்தப் பக்கம் ஒரிசியா இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுக் காத்துக்கொண்டிருப்பாள்.

“நான் கைமாத்தல வெர்னா. அதுவா நீந்திப் போச்சு” என்றார் என்னிடம்.

“கழுத்தே நிக்காத வாத்து எங்கேருந்து நீந்தும்?”

“ஒரு முழம் நீந்தும்” என்றார் முகத்தை மாற்றாமல்.

இப்படிப் பதினோரு நாள் நடந்தது. ஒரு நாளைக்கு நாற்பது வாத்துகூடப் போனது உண்டு. காற்று வடக்கிலிருந்து அடித்த நாட்களில் வாத்து அந்தப் பக்கம் போகாது. காற்று திரும்பும்வரை இரண்டு படகுகளும் எதிரெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். சுற்றிலும் சம்பங்கோரை. அதற்குமேலே புல், வானம். அவ்வளவுதான் அங்கே இருப்பது. அந்த நேரத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். மனைவி ஏன் போனாள் என்று அவள் கேட்டாளாம். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். மெட்ரோவும் இதே புகார்தான், ஆனால் வெளியே அடிக்கிற காற்றைச் சொன்னதில்லை, என்னைத்தான் சொன்னார் என்று அவள் சிரித்தாளாம்.

ஒருநாள் அவர் என் மேஜையில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். வெள்ளரி ஊறுகாய். இதையுமா கைமாற்றினாய் என்று கேட்டேன்.

“மூடி இறுக்கமா இருந்துச்சு. மிதந்து வந்துச்சு” என்றார்.

எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், முகச்சவரம் செய்திருந்தார். அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தவிர அவர் கத்தியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம் அவர் போனபோது ஒரிசியாவின் தோணி மட்டும் வடகரை ஓரமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தொப்பி கோரைக்குள் கிடந்தது. எழுந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: கோரைக்குள் விழுந்த ஒரு ஊசிவாலை எடுக்க இறங்கியிருக்கிறாள். சேறு தொடைவரைக்கும் பிடித்துக்கொண்டுவிட்டது. எங்கள் ஏரிச் சேறு அப்படி. மாட்டையே விடாது. இழுத்து இழுத்துப் பார்த்து, அந்த வெயிலில் மயங்கி, இடுப்பு மடிந்து கோரைமேல் சாய்ந்துகிடந்தாள்.

கோட்டைப் பற்றி நினைக்கவே இல்லை என்று முதலில் என்னிடம் சொன்னார். கொஞ்சம் கழித்து அவரே திருத்தினார். “இல்ல, நினைச்சேன். தாண்டிக்கிட்டு இருக்கும்போது நினைச்சேன்.”

படகின் உட்காரும் பலகைகளைக் கழற்றிச் சேற்றின்மேல் போட்டு, அதில் வயிற்றால் ஊர்ந்துபோய், கையால் சேற்றைத் தோண்டி அவளை இழுத்தெடுத்தார். பூட்ஸ் இரண்டும் உள்ளேயே போய்விட்டன. ஊசிவாலை மட்டும் அவள் விடவில்லை. மயக்கத்திலும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாளாம். அரை மைல் தூரம் வீடு. அவர் தூக்கிக்கொண்டு நடந்ததாக ஊரில் கதை. ஒரிசியா இதை ஒப்புக்கொள்வதில்லை. பாதி வழியிலேயே தனக்குத் தெளிந்துவிட்டது, மீதிப் பாதி தான்தான் அவரைத் தாங்கிப்பிடித்து நடத்திக் கூட்டிவந்தேன் என்பாள். வீட்டில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, பக்கத்துப் பண்ணைக்காரிக்குப் போன் செய்து, அவள் வந்துசேரும்வரை இருந்துவிட்டு ஆர்விட் திரும்பினார். ஒன்றரை மணி நேரம் வேறு நாட்டில் இருந்திருக்கிறார்.

மார்பு வரைக்கும் காய்ந்த சேற்றோடு நேராக என் மேஜைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னார். எல்லைக் காவல் நிலையத்தின் நம்பரைக் கேட்டார்.

“எதுக்கு?” என்றேன். “யாரும் பாக்கல ஆர்விட்.”

“அவங்க மாடெல்லாம் பாத்துச்சு.”

“விளையாடாத. ஒரு உசிரைக் காப்பாத்தப் போயிருக்க. இதைப் போயி யாராவது தானா சொல்லுவாங்களா?”

அவர் கொஞ்சநேரம் தன் கையைப் பார்த்தார். “இந்த வேலி நெடுக ‘உள்ளே வராதே’ன்னு பலகை அடிச்சவன் நானு. முப்பத்தொரு வருஷமா அடிக்கிறேன். மத்தவங்களுக்கு மட்டும்னா அடிச்சேன்? நம்பரக் குடு.”

கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பெல்ட்ரான் என்ற காவலர் வந்தார். டெக்சஸ்காரர். தெற்கு எல்லையில் பல வருஷம் இருந்துவிட்டு, இந்தக் குளிருக்கு மாற்றப்பட்டு வந்தவர். ஆர்விட் இறங்கியதைச் சொன்னார். கேட்காமலேயே வாத்து விஷயத்தையும், ஒரு முழக் கணக்கையும் சேர்த்துச் சொன்னார். மேஜைக்கடியில் நான் காலால் இடித்தும் நிறுத்தவில்லை. பெல்ட்ரான் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“எத்தனை பொழைச்சுது?” என்று கேட்டார்.

“நேத்து வரைக்கும் இருநூத்திப் பத்துங்க.”

பெல்ட்ரான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதினார். வாத்துகளை எழுதினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் விஷயம் மேலே போய், கர்ட்டிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த வருஷம் முடிகிறவரை ஆர்விட் படகைத் தொடக் கூடாது. இதைப் போனில் சொல்ல மனம் வராமல் கர்ட்டிஸ் தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆர்விட் சரி என்றார். வண்டியில் கம்பிச்சுருளை ஏற்றிக்கொண்டு தெற்குக் கோடிக்கு வேலி கட்டப் போய்விட்டார். ஏரி கண்ணில் படாத ஒரே மூலை அதுதான்.

கர்ட்டிஸ் உடனே திரும்பிப் போகவில்லை. பட்டறைக்குள் போய்ச் சாக்கில் படுத்திருந்த வாத்துகளைப் பார்த்தார். ஒன்றின் கழுத்துக்கடியில் துணி நழுவியிருந்தது. குனிந்து சரியாக வைத்தார். வெளியே வந்து, எனக்குப் படகு ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்றேன். தனக்கும்தான் என்றார்.

அப்படித்தான் நாங்கள் இரண்டுபேரும் ஏரிக்குள் போனோம். கர்ட்டிஸ் நாலு நாள் எங்களோடேயே தங்கிவிட்டார். அதற்குள் அந்த நாட்டு அதிகாரிகளோடும் நம் அதிகாரிகளோடும் மாறிமாறிப் போனில் பேசி, சீக்கு வாத்துகளை ஏரி நடுவில் கைமாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கடுதாசி வாங்கிவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, ஆர்விட்டுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

ஒரிசியாவை நான் முதன்முதலில் பார்த்தது தண்ணீரில்தான். அகலமான முகம். வெயிலில் சிவந்த கைகள். அவள் பார்வை எங்கள் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடியது.

“அவரு எங்க?”

சொன்னேன். கூடையை வாங்கித் தோணியில் வைத்தவள் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

“என்னாலதான்” என்றாள்.

“அப்படி அவரு சொல்லல.”

“சொல்ல மாட்டாரு. அவரு என்னதான் சொல்லியிருக்காரு?” தலையை நிமிர்த்தினாள். “ஏங்க, பாஸ்போர்ட்டே இல்லையாமே அவருக்கு? ஒரு மைலுல இன்னொரு நாட்ட வெச்சுக்கிட்டு எந்த மனுஷன் பாஸ்போர்ட் இல்லாம இருப்பான்?”

“போகவேண்டிய அவசியம் வரல.”

அவள் துடுப்பை எடுத்தாள். திரும்புகிற சமயத்தில், “அந்த ஊசிவால் பொழைச்சுக்கிச்சுன்னு சொல்லுங்க. நேத்துப் பறந்துச்சு” என்றாள்.

மத்தியானம் ஆர்விட்டிடம் சொன்னேன். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார். தின்று முடித்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். பிறகு, பாஸ்போர்ட்டுக்கு ஃபோட்டோ எங்கே எடுப்பார்கள் என்று கேட்டார்.

நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஊர்த் தபால் நிலையத்தில் எடுத்தார்கள். புதுச் சட்டை. கடையில் மடித்துவைத்த மடிப்பு நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது. விண்ணப்பத்தை என் மேஜையிலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தார். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்ற இடத்தில் கனடா என்று எழுதினார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு, காலியாக விட்டுவிட்டார்.

பதில் வர ஆறு வாரம் என்றார்கள். செப்டம்பர் நடுவில் வெயில் முறிந்தது. இரண்டு நாள் மழை பெய்து ஏரி நிறம் மாறியது. வாத்து சாவதும் நின்றது. ஒரிசியாவின் கொட்டகை காலியாகி, அங்கே கன்றுகள் திரும்ப வந்தன. பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் உயரத்தில் கத்திக்கொண்டு தெற்கே போயின. புல் செம்பு நிறமாகிச் சாய்ந்தது. அவள் வாரத்துக்கு இரண்டுமுறை அலுவலகத்துக்குப் போன் செய்வாள். ஆர்விட்டுக்குப் போன் என்றால் பிடிக்காது. ஆமாங்க, இல்லீங்க, நல்லாருக்கேங்க என்று மூன்று வார்த்தைதான் அவர் பங்கு. ஆனால் ரிசீவரைக் காதில் வைத்தபடி இருபது நிமிஷம் ஜன்னலோரம் நிற்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இல்லாத குப்பையைப் பெருக்குவேன்.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி பாஸ்போர்ட் வந்தது. மறுநாள் சனிக்கிழமை. என்னையும் கூட வரச் சொன்னார். நான் எதற்கு என்று கேட்டேன்.

“அந்தச் சாவடில ஏதாவது கேட்டா உளறிடுவேன்.”

வண்டியைக் கழுவியிருந்தார். முன்சீட்டில் ஒரு துணிப்பொட்டலம், அவர் அக்கா சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டி. வழியெல்லாம் அறுத்த வயல். வயல்களின் மூலைகளில் பொறுக்கிப் போட்ட கற்குவியல்கள். பள்ளத்துக்குப் பள்ளம் குட்டைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிசாகப் பனிக்கட்டி. நண்பரைப் பார்க்க, நண்பரைப் பார்க்க என்று ஆர்விட்டின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சாவடியில் இருந்தவள் ஒரு பெண் அதிகாரி. புத்தம் புதுப் பாஸ்போர்ட்டை விரித்துப் பார்த்தாள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“நண்பரைப் பார்க்க.”

“நண்பர் யாரு?”

ஆர்விட்டுக்கு அதற்குமேல் மனப்பாடம் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஒரு பொம்பளைங்க. ஏரிக்கு அந்தாண்ட இருக்காங்க. இன்னிக்கு நான் வர்றது அவங்களுக்குத் தெரியாது. வேணாம்னு சொன்னாங்கன்னா சாயங்காலமே திரும்பிடுவேன்.”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நீங்கள் யார் என்று கேட்டாள்.

“துணைக்கு” என்றேன்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். “ரோட்டுல மான் நிக்கும். பாத்து மெதுவாப் போங்க” என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரிசியா பட்டியில் இருந்தாள். அன்றைக்குத்தான் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்திருக்கிறாள். அறுபது மாடும் கன்றும் ஒன்றையொன்று கூப்பிட்டு ஒரே சத்தம். வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு, கையில் வாளியோடு படலுக்கு வந்தாள். ஆர்விட் இறங்கி, படலுக்கு இந்தப் பக்கமே நின்றார். கையில் ரொட்டிப் பொட்டலம்.

“சுத்திக்கிட்டா வந்த?” என்றாள். அதுவரை நீங்கதான்.

“எழுபத்தாறு மைலு.”

“எதுக்கு?”

“வாத்து இல்லாம வரலாமான்னு கேக்கத்தான்” என்றார். “வரலாமா?”

ஒரிசியா வாளியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த மாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அவள் படலைத் திறந்து, அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “உள்ள வான்னு சொன்னேன். சூப்பு ஆறிடும்.”

பீட்ரூட் சூப்பும், முட்டைக்கோஸ் இலையில் சுற்றி வேகவைத்த சோறும் இருந்தன. மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். நான் அரைமணி நேரம் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு, மாட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வரை பார்த்தேன்.

அதற்குப்பிறகு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அவர் போய் வந்தார். பனி மூடிய வாரங்களிலும் போனார். இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். அந்த ஜூன் மாதம் ஒரிசியாவின் ஊர்த் தேவாலய மண்டபத்தில் கல்யாணம். கர்ட்டிஸ் மனைவியோடு வந்திருந்தார். ஒரிசியாவின் மகள் என்னை விடாமல் இழுத்து ஆடவைத்தாள். மறுநாள் முழங்காலைத் தூக்க முடியவில்லை. வடகரையில் குடியேறுவதற்கான காகிதங்கள் வர இன்னும் எட்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் பொறுமையாகச் சாலைவழியே போய்வந்துகொண்டிருந்தார்.

போன மே மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பிட்டதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்கு மூன்று பேரும் ஏறினோம். கீழே ஏரி. ஏரிக்கு அப்பால் எங்கள் சரணாலயம் முழுவதும் ஒரே பார்வையில் கிடந்தது. நெருப்பு வைத்த இடங்களில் மட்டும் புல் அடர்ந்த பச்சையாக எழுந்திருந்தது. ஏரியின் உப்பு விளிம்பு, மடைகள், சரளைச் சாலை, தீப்பெட்டி அளவுக்கு என் அலுவலகம். மேகத்தின் நிழல் ஒன்று எல்லாவற்றின் மேலும் நகர்ந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவ்வளவு காலம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்ட மனுஷன், வடக்கேயிருந்து அதைப் பார்த்ததே இல்லை. இங்கே வந்த முதல் வாரம் தினமும் இந்த மேட்டில்தான் இருந்தார் என்றாள் ஒரிசியா.

ஆர்விட் கையை நீட்டிக் காட்டினார். “அந்த மேற்கு வேலியப் பாரு வெர்னா. நடுவுல கோணிக்கிட்டுப் போகுது. அங்க நின்னா நேராத்தான் தெரியும். இங்கேருந்து பாத்தாத்தான் தெரியுது.”

“எனக்கு இருபத்தெட்டு வருஷமாத் தெரியும்” என்றாள் ஒரிசியா. “தினமும் மாடு பாக்க வரும்போதெல்லாம் நினைப்பேன். எவன்டா இத நட்டதுன்னு.”

இப்போது வேலைக்கு இருக்கிற பையனுக்குப் போன் செய்து அதை நிமிர்த்தச் சொல்லவேண்டும் என்றார் ஆர்விட். நிஜமாகவே சட்டைப்பையில் போனைத் தேடினார்.

ஒரிசியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். “விடு. இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அது பழகிப்போச்சு.”